லயத்து வீடும் குடியிருப்பு உரிமையும்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மக்கள் வாழும் இல்லத்தையும் அது குறிக்கும். அறம், பொருள், இன்பம் ஆகிய மூன்றையும் கடந்து நிற்கும் விடுதலையையும் குறிக்கும். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த தமிழரைப் பொறுத்தவரை இரண்டாம் பொருளைப் பற்றி ஆராயும் ஓய்வு வாய்க்கவில்லை. முதற்பொருளே அவர்கள் கைக்கு எட்டாததாயிருந்தது. கூரை இருந்தது, சுவர் இருந்தது, வாசலில் முருங்கையும் வாழையும் இருந்தன. ஆயினும் அக்கூரையின் கீழ் நாளையும் படுத்துறங்கலாம் என்று உறுதியாகக் கூறும் உரிமை அவர்களிடம் இருந்ததில்லை. இந்த உரிமையின்மை எங்ஙனம் தோன்றியது, தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த பின்னும் எங்ஙனம் வேறு வடிவில் அவர்களைத் தொடர்ந்தது என்பது நம் வரலாற்றில் போதிய அளவு ஆராயப்படாத பகுதியாகும்.

மனையுடையோராய் இருந்த முன்னைத் தமிழர்

மலாக்காவில் தமிழர் என்றவுடன் பால்மரக் காட்டையே நினைப்பது வழக்கமாகிவிட்டது. ரப்பர் வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்துறைமுகத்தில் தமிழ் வணிகர் வீடும் பண்டகசாலையும் உடையவராய் வாழ்ந்தனர். 1511-இல் போர்ச்சுகீசியர் நகரைக் கைப்பற்றியபோது நைனா சாத்து என்னும் வணிகரைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினர் என்பது வரலாறு. எரேடியா என்பார் 1613-இல் எழுதிய மலாக்கா வருணனையில் ஆற்றின் மறுகரையில் கிளிங் மக்களுக்கென ஒரு தனிக் கம்பம் குறிக்கப்பட்டுள்ளது. டச்சுக்காரர் ஆட்சியில் தெய்வநாயகம் செட்டிக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் 1781-இல் எழுந்ததே பொய்யாத விநாயகர் ஆலயம். அவ்வணிகர் மரபில் வந்த மலாக்கா செட்டிகள் காஜா பெராங்கில் தங்கள் கம்பத்தை இன்றும் காத்து வருகின்றனர். மாநில அரசு அக்கம்பத்தை 2002-இல் மரபுடைமைக் கிராமமாக அறிவித்தது. அதன் பின்னரும், கம்பத்தை ஒட்டி உயர்ந்த கட்டடங்கள் எழுவதைக் குறித்து அவர்கள் கவலை தெரிவிக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆக, இதே மாநிலத்தில் தமிழ் பேசியோரில் ஒரு சாரார் மனைப்பட்டா உடையவர்களாகவும், மறு சாரார் முந்நூறு ஆண்டு கழித்து வந்து ஓரடி நிலமும் அற்றவர்களாகவும் வாழ்ந்தனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் குலமன்று, உழைப்பின் குறைவுமன்று. வந்த வழியே காரணம். முன்னவர் மரக்கலத்தில் சரக்கோடு வந்தனர். பின்னவர் கங்காணியோடு வந்தனர்.

பால்மரமும் லயமும்

1896-ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் என்னும் சீன வணிகர், சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லியின் தூண்டுதலால் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். சில ஆண்டுகளுக்குள் புக்கிட் ஆசாகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்ட முதல் முயற்சி இதுவே. அதற்குமுன் மரவள்ளி விளைந்து சாரமிழந்த நிலங்கள் பலவும் பின்னர் பால்மரக் காடுகளாயின. ஜாசின், ஆலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. தென்னார்க்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆள் வந்தது.

1907-இல் இந்தியக் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டு, தோட்டக்காரர்கள் செலுத்திய வரியிலிருந்து தொழிலாளரின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. சட்டப்படி வந்தவன் கடனற்றவன், விரும்பினால் ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து விலகிச் செல்லலாம். ஏட்டளவில் இது பெரிய முன்னேற்றமே. ஆனால் விலகிய அன்றே வீடும் போய்விடும். காட்டின் நடுவே வேலையையும் வீட்டையும் ஒரே கையால் கொடுப்பவர் ஒரே கையால் இரண்டையும் திரும்பப் பெறவும் வல்லவராகிறார். விலகும் உரிமை மனைவி மக்களோடு தெருவில் நிற்கும் உரிமையாகவும் இருந்தமையால் அதனைப் பயன்படுத்தியோர் சிலரே.

லயம் எப்படியிருந்தது என்பதைப் பழைய தலைமுறையினர் நன்கறிவர். நீண்ட ஒரே கூரை; அதன்கீழ் முதுகோடு முதுகாகவோ ஒரே வரிசையாகவோ அறைகள்; பத்தடிக்குப் பத்தடி அல்லது சற்றே கூடுதலான ஓர் அறையில் ஒரு குடும்பம், அல்லது தனியாள் நால்வர் ஐவர். இடையிலிருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாது நின்றதால் ஒரு வீட்டில் குழந்தை இருமினால் பத்து வீட்டுக்கும் கேட்கும். குழாய் பொது, கழிவிடம் பொது. விடியுமுன் பெரட்டுக்கு மணியடித்தால் மண்டோரின் குரல் வாசலிலேயே கேட்கும். லயம் அமைந்த இடமும் அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. கிராணியின் வீடு சற்று மேட்டிலும், துரையின் பங்களா குன்றின் உச்சியிலும் இருந்தன. ஒரு தோட்டத்தின் படத்தை வரைந்தாலே யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பது விளங்கிவிடும்.

தோட்ட நிலம் தனியார் நிலம். ஆதலால் லயத்துக்கு விருந்தாளி வருவதும் நிருவாகத்தின் இசைவைப் பொறுத்ததாயிருந்தது. தொழிற்சங்கம் அமைக்க முயன்றோர்மீது அத்துமீறி நுழைந்த குற்றம் சாட்டப்பட்ட காலம் ஒன்றிருந்தது. தன் வீட்டுக்கு யார் வரலாம் என்பதைத் தான் முடிவு செய்ய இயலாதவன் அவ்வீட்டுக்கு உடையவனும் அல்லன், வாடகைக் குடியும் அல்லன்.

உடைமையாளர் எல்லாரும் வெள்ளையர் என்றும் எண்ணிவிடலாகாது. நகரத்துச் செட்டியார்கள் கடனுக்கு ஈடாகவும் விலைக்கும் பெற்ற தோட்டங்கள் பல இருந்தன. சீனர் தோட்டங்களும் இருந்தன. அங்கும் லயம் லயமாகவே இருந்தது. முதலாளி தமிழராயிருந்த காரணத்தால் தொழிலாளிக்கு மனை கிடைத்துவிடவில்லை. இதைச் சொல்லாது விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

சட்டம் அளந்ததும் அளக்காததும்

தொழிலாளர் வீட்டைப் பற்றி அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது பொருந்தாது. மலேரியாவும் கொக்கிப்புழு நோயும் தோட்டங்களில் மக்களைக் கொண்டுபோன காலத்தில், ஆள் செத்தால் பால் குறையும் என்ற கணக்கினாலேனும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கூட்டு மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றோடு, குடும்பமுள்ள தொழிலாளி ஒருவருக்குத் தோட்டம் போடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் எனவும் விதித்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பத்துப் பேர் இருப்பின் பள்ளி வைக்கவேண்டும் என்ற விதியும் அதிலேதான் இருந்தது. தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு அறிந்தோர் இதனை மறவார். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாதலால் அதற்குத் தனிச்சட்டம் இருந்தது. எனினும் போக்கு ஒன்றே.

விடுதலைக்குப் பின் 1966-இல் தொழிலாளர் வீட்டுக் குறைந்தபட்சத் தரச்சட்டம் வந்தது. 1990-இல் அதற்குப் பதிலாக இன்னும் விரிவான சட்டம், 446-ஆம் எண்ணுடையது, இயற்றப்பட்டது. தண்ணீர், மின்சாரம், மருத்துவ நிலையம், குழந்தைக் காப்பகம் எல்லாம் அதில் இடம்பெற்றன. அதுவரை தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால் அரசின் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் அதன் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டன. பக்கத்துக் கம்பத்துக்குக் குழாயும் கம்பியும் வந்த பின்னும் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்த ஊர்கள் எத்தனையோ.

இச்சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பவர் ஓர் உண்மையைக் காண்பர். அறையின் நீள அகலத்தைச் சட்டம் அளந்தது. கூரையின் உயரத்தை, சாக்கடையின் போக்கை, சன்னலின் எண்ணிக்கையை அளந்தது. அதனுள் வாழ்பவர் எத்தனை காலம் வாழலாம் என்பதை மட்டும் அளக்கவில்லை. வீடு சம்பளத்தின் ஒரு பகுதியாகவும், மருந்தும் தண்ணீரும் போன்றதொரு வசதியாகவும் கருதப்பட்டது. வசதி செய்து கொடுப்பவரின் கடமை பேசப்பட்டது. பெற்றவரின் உரிமை பேசப்படவில்லை. வேலை நின்றால் வசதியும் நின்றுவிடும்.

வாடகை என்பதற்குத் தமிழில் குடிக்கூலி என்றொரு பழஞ்சொல் உண்டு. தோட்டத்தில் கூலி இருந்தது, குடிக்கூலி இல்லை. இலவச வீடு என்பது பெருங்கொடை என்றே இரு தரப்பாரும் நம்பினர். ஆனால் வாடகை கொடுப்பவனுக்குச் சட்டம் தரும் காப்பு, இலவசமாக இருப்பவனுக்கு இல்லை. 1950-ஆம் ஆண்டுக் குறித்த நிவாரணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவை நோக்குக. வாடகைக் காலம் முடிந்த பின்னும் குடியிருப்பவரை வீட்டுக்காரர் தாமே வெளியேற்றக் கூடாது. நீதிமன்றத்தின் வழியாகவே மீட்கவேண்டும் என்கிறது அது. மாதம் முந்நூறு வெள்ளி கொடுத்து மூன்று மாதம் இருந்தவருக்குக் கிடைக்கும் இக்காப்பு, தாத்தா காலம் முதல் ஒரே அறையில் வாழ்ந்தவருக்கு வாடகைக்குடி என்ற பெயர் இல்லாமையால் எளிதில் கிட்டுவதில்லை. அவர் உடையவரின் அனுமதியால் இருப்பவர். அனுமதி முடிந்தால் இருப்பும் முடியும்.

நெடுங்காலம் குடியிருந்ததே ஓர் உரிமையாகாதா என்று கேட்பவர் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரியவர்கள் அனுபவ பாத்தியதை என்பதைக் கேள்விப்பட்டவர்கள். பிறர் நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டு வெளிப்படையாகவும் எதிர்ப்பின்றியும் ஆண்டு வந்தால் உரிமை கோரலாம் என்பது இந்தியச் சட்டம். அங்கும் உடையவரின் இசைவோடு இருப்பவர்க்கு அது பொருந்தாது. இந்நாட்டிலோ அவ்வழி முற்றிலும் அடைபட்டது. எத்துணைக் காலம் ஆண்டிருந்தாலும் பதிவுபெற்ற உடைமையாளர் நிலத்தை மீட்பதற்கு அது தடையாகாது என 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச்சட்டத்தின் 341-ஆம் பிரிவு கூறுகிறது. அரசு நிலத்துக்கும் 48-ஆம் பிரிவு அவ்வாறே சொல்கிறது. மலாக்காவிலும் பினாங்கிலும் முன்னர் ஆங்கிலேய முறைப் பத்திரப்பதிவே வழங்கிற்று. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இவ்விரு மாநிலங்களும் புதிய நிலமுறைக்குள் கொண்டுவரப்பட்டன. பெயர் பதிவேட்டில் இருப்பவரே உடையவர். லயத்துச் சுவரில் எத்தனை தலைமுறையின் படங்கள் மாட்டியிருந்தாலும் அவை சான்றாகா.

தோட்டம் துண்டாடப்பட்ட காலம்

இக்குறை வெளிப்பட்டது 1950-களில். அவசரகாலத்தில் லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டிருந்தன. நாடு விடுதலையை நெருங்க நெருங்க, பிரிட்டிஷ் உடைமையாளர் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியோர் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றனர். ஆயிரம் ஏக்கர் தோட்டம் பத்தும் இருபதும் ஏக்கர்த் துண்டுகளாகியது. 100 ஏக்கருக்குக் குறைந்தது கணக்கில் தோட்டமே அன்று, சிறு நிலம். சிறுநிலக்காரருக்கு லயமும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம். பொதுக் குழாய் ஒருவர் துண்டிலும், லயம் வேறொருவர் துண்டிலும், பள்ளி மூன்றாமவர் துண்டிலும் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்தோர் நிலை என்னவாகும்?

பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து 1962-இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். வேலையிழப்பு, வீடிழப்பு, பள்ளி மூடல் ஆகியவை தொழிலாளரை எங்ஙனம் தாக்கின என்பதற்கு அது இன்றும் முதன்மையான சான்று. 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் துண்டாடலை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கைத் தவணையாகச் செலுத்தித் தொழிலாளரே தோட்டம் வாங்கலாம் என்பது அதன் கருத்து. மாதம் நூறு வெள்ளியும் எட்டாத குடும்பங்கள் அரிசிப் பணத்திலிருந்து பிரித்துக் கட்டிய தவணைகள் அவை. அம்முயற்சியின் பெருமையைக் குறைத்துப் பேச இயலாது. துண்டாடலில் சிதறியிருக்க வேண்டிய தோட்டங்கள் பல அதனால் ஒன்றாக நின்றன. எனினும் தோட்டத்தில் பங்குரிமை வேறு, குடியிருக்கும் வீட்டில் மனையுரிமை வேறு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நூறு வெள்ளிப் பங்கு முன்னதைத் தந்தது.

பின்னர்த் தேசிய நிலச்சட்டத்தில் 214-அ பிரிவு சேர்க்கப்பட்டது. 40 எக்டேருக்குக் குறையாத தோட்டநிலத்தை விற்கவோ பிரிக்கவோ தோட்டநில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்றாயிற்று. நிலம் காக்கப்பட்டது. நிலத்தின்மேல் இருந்தவர் குறித்து முன்போலவே அமைதி.

இன்னொரு செய்தி பெரிதாகப் பேசப்படுவதில்லை. வேலை நீக்கத்துக்கான நட்டஈட்டை 1980-ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டு ஒன்றுக்கு இருபது நாள் சம்பளம். முப்பதாண்டு பால் மரம் சீவியவர் தோட்டம் விற்கப்பட்டு நீக்கப்பட்டால் அறுநூறு நாட் சம்பளம் பெறுவார். உழைப்புக்கு இக்கணக்கு உண்டு. வீட்டுக்குக் கணக்கே இல்லை. மாற்றுவீடு கிடைத்த இடங்களில் அது பேச்சுவார்த்தையாலும், போராட்டத்தாலும், சில வேளை தேர்தல் நெருங்கியதாலும் கிடைத்தது. சட்டத்தால் கிடைத்தது அரிது. பினாங்கில் கம்போங் புவா பாலா மக்கள் 2009-இல் தங்கள் வீடுகள் இடிக்கப்படுவதைக் கண்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. பழைய தோட்ட நிலம் ஒன்றில் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்தவர்கள் அவர்கள். நீதிமன்றத் தீர்ப்பு குடியிருந்தோர்க்குச் சாதகமாக அமையவில்லை.

தோட்டத்தைச் சுற்றியிருந்த நிலமும்

லயத்துக்கு வெளியே ஒரு மனை வாங்கி வைத்திருக்கலாமே என்ற கேள்வி எழும். சிலர் வாங்கினர். பலருக்கு அஃது இயலாமற் போனதற்குக் கூலியின் குறைவு முதற் காரணம். நாட்கூலி பெறுபவருக்கு, அதுவும் மழை பெய்தால் வேலையில்லை என்னும் தொழிலில் இருப்பவருக்கு, வங்கியார் கடன் தருவதில்லை. குடியுரிமை மற்றொரு காரணம். 1957-க்குப் பின்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தோர் பலர். 1969-இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரவர் கப்பலேறித் திரும்பினர்.

மலாக்காவுக்கே உரிய மூன்றாம் காரணமும் உண்டு. இம்மாநிலத்தில் பழைய மரபுநிலங்கள் 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்டவை. மலாய்க் குடிகளிடையே மட்டும் கைமாறத்தக்கவை. கூட்டரசு அரசியலமைப்பின் 90-ஆம் விதி நெகிரி செம்பிலான், மலாக்கா மரபுநிலங்கள் மீதான இக்கட்டுப்பாட்டுக்குக் காப்பளிக்கிறது. ஆலோர் காஜா வட்டாரத்துப் பழைய நானிங் நாட்டு மக்கள், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கேட்டதற்காக 1831-இல் கும்பெனிப் படையோடு போர் தொடுத்தவர்கள். தங்கள் மண் கடன்காரர் கைக்குப் போகாதிருக்கவேண்டும் என்னும் அவர்களின் கவலையைக் குறை கூறுவதற்கில்லை. அக்கடன்காரர்களுள் நம்மவரும் இருந்தனர். ஆயினும் அதன் பயனாகத் தோட்டத்தை அடுத்திருந்த கம்பத்து மனைகள் பல தொழிலாளி வாங்கக்கூடிய பட்டியலில் இல்லாமற் போயின. ஒரு பக்கம் கம்பெனி நிலம், மறு பக்கம் மரபு நிலம். எஞ்சியது ஆற்றோரமும் இரயில் பாதையோரமும். அங்கே பலகை அடித்தவர்கள் புறம்போக்குக் குடிகளாயினர்.

நகரத்து வாசற்படி

1970-களில் மலாக்காவின் முகம் மாறியது. பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தொழிற்பேட்டைகள் தோன்றின. ஆயர் குரோவில் ரப்பர் நின்ற இடத்தில் சாலைகளும் அலுவலகங்களும் எழுந்தன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மாநிலத்தை ஊடறுத்தது. 1981-இல் கத்ரி நிறுவனத்தின் பங்குகள் லண்டன் சந்தையில் ஒரே காலையில் மலேசியர் வசமாயின. பால்மரம் செம்பனையாயிற்று; செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். 1980-க்கும் 2000-க்கும் இடையில் நாடெங்கும் தோட்டத்தை விட்டு வெளியேறிய இந்தியர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என ஆய்வாளர் கணக்கிடுகின்றனர்.

நகரிலும் முன்பு ஒரு காப்பு இருந்தது. 1948 சனவரி இறுதிக்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்தியது. குடியிருப்பவரை எளிதில் எழுப்பவும் முடியாது. பூக்கடை, பொற்கொல்லர் பட்டறை, சலவைக்கடை என்று மலாக்கா நகரின் பழைய கடைவீடுகளில் தமிழர் நிலைத்திருந்ததற்கு அச்சட்டமும் ஒரு காரணம். அது நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து வாடகை உடையவர் விருப்பமாயிற்று. 2008-இல் நகரம் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. கட்டடங்களின் மதிப்பும் ஏறியது. சுவரையும் ஓட்டையும் காக்க விதிகள் வந்தன. உள்ளே இருந்த குடிகளைக் காக்க எவ்விதியும் வரவில்லை. லயத்துச் சட்டத்தின் சாயலை ஈண்டும் காணலாம்.

தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் தாமான் வீடு தேடும்போது புதியதொரு தடையைச் சந்தித்தது. தொலைபேசியில் பேச்சு நன்றாகத்தான் தொடங்கும். பெயரைச் சொன்னதும், அல்லது நேரில் சென்று நின்றதும், வீடு நேற்றே போய்விட்டது என்று விடை வரும். மறு வாரமும் அதே வாசலில் வாடகைக்கு என்னும் பலகை தொங்கும். சில விளம்பரங்கள் இன்னாருக்கு மட்டும் என்றே அச்சாகும். சமையல் மணம், வாடகை பாக்கி, ஆள் கூட்டம் என்று காரணங்கள் கற்பிக்கப்படும். ஒரு வீட்டுக்காரருக்கு ஒரு குடியால் நேர்ந்த நட்டத்தை ஓர் இனம் முழுதும் ஏற்கவேண்டியதாகிறது. தோட்டத்தில் அவரை வெளியேற்ற நீதிமன்றம் தேவைப்படவில்லை. நகரிலோ உள்ளே சென்றுவிட்டால் நீதிமன்றம் இன்றி வெளியேற்ற முடியாது, ஆனால் உள்ளே விடாமலிருப்பதைக் கேட்க எந்தச் சட்டமும் இல்லை.

அரசியலமைப்பின் 8-ஆம் விதி இருக்கிறதே எனலாம். சமயம், இனம், மரபு, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே பாகுபாடு காட்டலாகாது என அது கூறுகிறது. சொத்தைப் பெறுவது, வைத்திருப்பது, விற்பது தொடர்பான சட்டங்களை நடத்துவதிலும் காட்டலாகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்துவது. விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், தனியார் ஒருவர் மற்றொரு தனியாரின் உரிமையை மீறுவதற்கு அரசியலமைப்புச் சட்டம் எட்டாது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு வீட்டைப் பற்றியதன்று. எனினும் வீட்டுக்காரரின் வாசலில் 8-ஆம் விதி ஏன் நின்றுவிடுகிறது என்பதை விளக்குவது அதுவே.

வாங்குவோர் பக்கம் நிலைமை சற்று வேறு. 1982 முதல் மலிவுவிலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என விலை வரையறுக்கப்பட்டதால், சேமநிதியும் நகையும் சேர்த்துச் சொந்த வீடு கண்ட தோட்டக் குடும்பங்கள் பல உண்டு. 1970-களிலிருந்து பேசப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளர் சொந்த வீட்டுத் திட்டம் இதற்கு ஈடாகப் பயன் தரவில்லை என்பது வருந்தத்தக்கது. புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் மாநிலங்கள் வீட்டு மனைகளில் பூமிபுத்ராக்களுக்கென ஒரு பங்கும் விலைக் கழிவும் ஒதுக்கின. அதன் நியாயம் பலரால் பல விதமாகப் பேசப்படும் பொருள். அரசியலமைப்பின் 153-ஆம் விதி அரசுப் பணி, கல்வி உதவி, வணிக உரிமம் ஆகியவற்றைப் பேசுகிறது. வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பதை மட்டும் இங்குச் சுட்டலாம். தோட்டத்தில் பிறந்து வறுமையில் வளர்ந்த ஒருவர் அவ்வொதுக்கீட்டில் எப்பக்கம் நிற்கிறார் என்பது வருமானத்தைப் பார்த்து முடிவு செய்யப்படுவதன்று.

பிற நாடுகளில்

இவ்வகைத் தடை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நீக்ரோ மக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்டோர் நல்ல கூலி பெற்றும் நல்ல தெருவில் வீடு பெற முடியவில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1966-இல் சிக்காகோ நகரில் இதற்காகவே இயக்கம் நடத்தினார். 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11-ஆம் நாள், வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று. இனம், நிறம், சமயம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி விற்கவோ வாடகைக்கு விடவோ மறுப்பதையும், அவ்வாறு விளம்பரம் செய்வதையும் அது தடுத்தது. பாலினம் 1974-இலும், உடற்குறையும் குழந்தைகளோடு வாழ்வதும் 1988-இலும் சேர்க்கப்பட்டன. பிரிட்டனின் 1965-ஆம் ஆண்டு இன உறவுச் சட்டம் வீட்டை விட்டுவிட்டது. குறையுணர்ந்து 1968-இல் சேர்த்தனர். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருந்தோர்க்கு ஏழு பேர்ச் நிலத்தோடு தனிவீடு என்னும் கொள்கை அண்மைக் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. பலருக்கு இன்னும் அது சென்று சேரவில்லை. எனினும் வீட்டோடு நிலமும் தொழிலாளி பெயரில் வரவேண்டும் என்ற எண்ணம் அங்கே அரசாணையாயிற்று.

இந்நாட்டில் அனைத்துலக இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை ஏற்பதாக முதலில் கூறப்பட்டு, 2018 நவம்பரில் ஏற்கப்போவதில்லை என அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் வீட்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு 2020 சூன் முதல் தோட்டத்துக்கு அப்பாலும் விரிந்தது. லயங்களில் இப்போது வாழ்வோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியருமே. அவர்களுக்கான விதிகள் கட்டிலின் பரப்பு 1.7 சதுர மீட்டருக்கும், மெத்தையின் கனம் நான்கு அங்குலத்துக்கும் குறையலாகாது என்கின்றன. தலையணையும் போர்வையும் பூட்டுள்ள அலமாரியும் தரவேண்டும் என்கின்றன. 

தமிழ்ப்பள்ளிகளின் நிலையும் இதனோடு ஒட்டியதே. மலாக்காவில் தோட்டத்தின் பெயரையே இன்றும் சுமந்து நிற்கும் பள்ளிகள் உண்டு. அவற்றைப் போன்று தோட்ட நிலத்தில் எழுந்த பள்ளிகள் நாடெங்கும் பகுதி உதவிப் பள்ளிகளாயின. நிலம் அரசினுடையதன்று, பள்ளியினுடையதும் அன்று. கட்டடத்துக்கு ஓர் அறை சேர்க்கவும் நில உடைமையாளரின் இசைவைக் கேட்கவேண்டிய நிலையில் அவை நெடுங்காலம் இருந்தன. லயத்துக் குழந்தைக்குப் பாடம் சொன்ன இடமும் லயத்தைப் போன்றே அனுமதியில் நின்றது.

வாடகை வீட்டுக்கென ஒரு தனிச்சட்டம் வேண்டும் என்னும் பேச்சு 2017-இல் அரசின் வரவுசெலவுத் திட்ட உரையிலேயே இடம்பெற்றது. முன்பணம் எவ்வளவு, பழுதுபார்ப்பது யார் பொறுப்பு, வழக்கை எங்கே தீர்ப்பது என்பவற்றோடு, இனத்தைக் காட்டிக் குடியை மறுப்பதைத் தடுக்கலாமா என்பதும் வரைவு பற்றிய விவாதங்களில் எழுந்தது. என் சொத்தை எனக்கு விருப்பமானவருக்குத்தான் விடுவேன் என வீட்டுக்காரர் தரப்பில் எதிர்வாதம் வந்தது. விருப்பம் வேறு, விளம்பரத்தில் ஓர் இனத்தைப் பெயர் சொல்லி விலக்குவது வேறு. முதலதைச் சட்டத்தால் மாற்ற இயலாவிடினும் இரண்டாவதைத் தடுப்பது கடினமன்று. அமெரிக்கச் சட்டம் விளம்பரத்தைத் தனியே குறிப்பிட்டது இது கருதியே. அமைச்சர்கள் மாறினர், அமைச்சின் பெயரும் மாறியது. ஆண்டுகள் பல கடந்தும் அது வரைவாகவே இருந்து வந்தது.